உதயம்: ஒரு கோடு

துறைமுக அலுவலகப் பலகையில்
தினமும் காலை நான்தான் எழுதுகிறேன்:
காற்று, அலை, குளிர், உதயம், அஸ்தமனம்.
நவம்பர் இருபத்து மூன்றிலிருந்து
கடைசி இரண்டுக்கும் எதிரே
ஆளுக்கொரு கோடு.

வார்தோவில் இது யாருக்கும் செய்தியில்லை.
ஜனவரி இருபதை ஒட்டிக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும்,
பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.
அதுவரை கோடு.

பொழுது போகவில்லை என்று சலிப்பவர்கள் உண்டு.
எனக்குப் பொழுது வரவேயில்லை.
போன வருடமும் இப்படித்தான், அதற்கு முன்பும்;
சோம்பல் என்று பெயர் வைத்திருந்தேன்.
பதினோரு மணி நேரம் தூங்கி
தூங்காதவளாய் எழுவது.
நடுநிசியில் ரொட்டிமேல் சர்க்கரை தூவி
நின்றபடியே தின்பது.
தங்கை சிசெல் அழைத்தால்
போன் அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புவரை நகர்வதைப்
பார்த்துக்கொண்டிருப்பது.
அழுகை இல்லை. அழுதிருந்தால்
எனக்கே புரிந்திருக்கும்.

டாக்டர் இங்வில்ட் கேட்டார்:
“செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?”
நேராகக் கண்ணைப் பார்த்து.
“இல்லை. குளிக்கத்தான் தோன்றவில்லை.”
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
“தோன்றினால் அன்றைக்கே வாருங்கள்,
ராத்திரியானாலும்.”
“எப்போதும் ராத்திரிதானே” என்றேன்.
அதற்குத்தான் சிரித்தார்.

கண்ணுக்குப் பின்னால் ஒரு கடிகாரமாம்,
காலை வெளிச்சம் அதற்குச் சாவியாம்.
சாவி கொடுக்க ஆளில்லாமல்
என்னுடையது பின்தங்கிப் பின்தங்கி ஓடுகிறதாம்.
சோம்பல் என்ற சொல்லை
அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

நூலகத்தில் விளக்கு இரவல் கிடைத்தது.
வெள்ளைப் பெட்டி, முதுகில் பார்கோடு,
நாலு வாரத் தவணை, தாமதித்தால் அபராதம்.
பத்தாயிரம் லக்ஸ். கைக்கெட்டும் தூரம்.
எழுந்தவுடன் அரை மணி.
நேருக்கு நேர் முறைக்க வேண்டாம்,
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் போல
இருப்பது தெரிந்தால் போதும்.

முதல் வாரம் தலைவலி.
சமையலறை மீன் ஏலக்கூடமாய் வெளுத்தது.
இத்தனை அழுக்கா என் அடுப்பில்!
அணைத்துவிட்டுப் படுத்தேன், இரண்டு நாள்.
மறுபடி போட்டேன்.

ஒன்பதாம் நாளோ, பத்தாம் நாளோ.
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை,
காபி வாசனை வந்தது.
இத்தனை நாள் அது வராதிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
இன்னும் மூன்று நாள் கழித்து அடுப்பைத் தேய்த்தேன்.
சிசெலை அழைத்து
என்ன பேசுவதென்று தெரியாமல்
அடுப்பைத் தேய்த்ததைச் சொன்னேன்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
“எந்த சோப்பு?” என்றாள்.

ஜனவரி ஐந்து, திருப்பிக் கொடுக்கும் நாள்.
(எனக்கென்று ஒன்று தபாலில் வந்துவிட்டது,
பனி உருகும்வரை விடக்கூடாது என்று உத்தரவு.)
நூலக வாசலில் ஓட்மார்.
நண்டுப் படகுக்காரன்,
அவன் சிரித்தால் கரைப் பறவையெல்லாம் எழும்பும்.
கையில் டிராக்டர் புத்தகம், தலைகீழாக.
“ஹெர்டிஸ், இந்த விளக்கு… என் தம்பிக்கு…”
அவனுக்குத் தம்பி கிடையாது.
ஊருக்கே தெரியும்.
“முதல் வாரம் அவனுக்குத் தலை வலிக்கும்.
எழுந்துபோகாமல் உட்காரச் சொல்.”

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
முட்டை வாங்கிப் போகிறவன் போலப்
பனியில் மெல்ல அடி வைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணி.
கரிய நீருக்கு அந்தப் பக்கம், அவன் சமையலறையில்
ஒரு வெள்ளைச் சதுரம்.
பத்து நிமிடத்தில் அணைந்தது.
என் விளக்கின் முன் காபி ஆறக் காத்திருந்தேன்.
ஏழே காலுக்கு மறுபடி எரிந்தது.

அலுவலகம் போய்ப் பலகையைத் துடைத்தேன்.
காற்று வடகிழக்கு, நொடிக்குப் பதினோரு மீட்டர்.
உதயம்: கோடு.
அஸ்தமனம் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது.
வேறொன்று எடுத்தேன்.